ஏறுவதை மட்டும் எண்ணுகிறவர்

உலகத்தில் அடுத்த போர் எங்கே, எந்த வாரத்தில் மூளும் என்பதை முன்கூட்டியே அறிந்தவர்கள் மூன்றே பேர். இருவர் வல்லரசுகளின் அதிபர்கள். மூன்றாமவர், ஹேபோ விமானத் தொழிற்சாலையின் ஓடுதள வேலியை ஒட்டி விலாங்குமீன் கடை நடத்தும் குக் சோல்மான். அதிபர்களுக்குத் தகவல் சொல்ல உளவுத்துறை வேண்டும், செயற்கைக்கோள் வேண்டும்; தனக்கு ஒரு மொட்டைமாடியும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் போதும் என்பதால் மூவரில் தனக்கே முதலிடம் என்று சோல்மான் சொல்வார். சொல்லும்போது சிரிக்க மாட்டார். கேட்பவர்களும் சிரிக்கக் கூடாது. சிரித்த ஒரு பல் மருத்துவர் 'கூரை எறும்புகள்' குழுவிலிருந்து அன்றைக்கே நீக்கப்பட்டார்.

அந்தத் தொலைபேசிக் குழுவில் நாலாயிரத்து முந்நூறு எறும்புகள் இருந்தார்கள். யானைகள் மிதித்து நடக்கும் பங்குச்சந்தையில் சில்லறைப் பணம் போடுகிறவர்களுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? நாலாயிரத்து முந்நூறு பேரும் வைத்திருந்தது ஒரே பங்கு: ஹேபோ வானூர்தி. சியோலில் கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து அந்த நிறுவனத்தைப் பற்றி அறிக்கை எழுதும் நிபுணன் ஒரு விமானத்தைக்கூட நேரில் பார்த்ததில்லை. சோல்மானோ அது கிளப்பும் காற்றில் தன் கடையின் பெயர்ப்பலகையை மூன்று முறை பறிகொடுத்தவர்.

காலை எட்டரைக்கு அவர் நாற்பது விலாங்குகளைக் கொல்வார். பலகையில் மீனைக் கிடத்தி, கண்ணுக்குக் கீழே குத்தூசியை இறக்கி, கைப்பிடியில் ஒரு தட்டு. தலை பலகையோடு நின்றுவிடும், உடம்பு மட்டும் இன்னும் ஆற்றில் இருப்பதாக நினைத்துக்கொண்டு சுழலும். கழுத்தில் கீறி, முதுகெலும்பு ஓரமாகக் கத்தியை வால் வரை இழுத்தால் மீன் புத்தகம் போலத் திறந்துகொள்ளும். ஒரு மீனுக்குப் பத்து விநாடி. முப்பது வருடப் பழக்கத்தில் அவருடைய கை இதைச் செய்ய அவரிடம் அனுமதி கேட்பதில்லை. அந்த நேரத்தில் அவருடைய மூளை சந்தையை யோசித்துக்கொண்டிருக்கும். எட்டு ஐம்பத்தைந்துக்குக் கை கழுவிவிட்டு, குத்தூசியை மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டு, நோட்டுப் புத்தகத்துடன் மாடி ஏறிவிடுவார். ஒன்பதுக்குச் சந்தை திறக்கும். ஒன்பதேகாலிலிருந்து ஓடுதளத்தில் விமானங்கள் ஏற ஆரம்பிக்கும்.

அவர் ஏறுவதை மட்டும் எண்ணுவார். வாங்குபவனிடம் ஒப்படைப்பதற்கு முன் ஒவ்வொரு விமானமும் இத்தனை முறை பறந்து காட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் உண்டு. ஆகவே இந்த வாரம் அதிகம் ஏறினால் அடுத்த மாதம் பணம் வரும், பணம் வந்தால் பங்கு ஏறும். இந்தக் கணக்கில் இறங்குவதற்கு இடமில்லை.

"ஏறுறதுதான் ஆர்டர். இறங்குறது புவியீர்ப்போட வேலை. புவியீர்ப்புக்கு எவனாவது பங்கு வெளியிட்டிருக்கானா? அப்புறம் எதுக்கு அதைப் போய் எண்ணிக்கிட்டு?"

இது அவருடைய மைத்துனன் தாக் கியோங்குக்காகச் சொல்லப்பட்டது. மனைவி பில்னாமின் தம்பியான கியோங் விமானப்படையில் இருபத்திரண்டு வருடம் தரைப்பணியில் இருந்தவன். ஏணி வைத்து விமானியை ஏற்றிவிடுவது, வார் மாட்டிவிடுவது, ஏணியை எடுத்துக்கொண்டு ஒதுங்குவது, அந்த விமானம் திரும்பி வரும்வரை அங்கேயே நிற்பது. ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் அந்த நான்காவது வேலையை மட்டும் அவன் விடவில்லை. தினமும் மாடிக்கு வருவான். சுவரோரம் சோற்றுப் பொட்டலத்தை வைப்பான். ஏறிய விமானமெல்லாம் இறங்கிய பிறகுதான் பிரிப்பான். எந்த நோட்டிலும் எழுத மாட்டான். ஏறும் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்குவான், அது இறங்கியதும் நிமிர்த்துவான். அவனுக்கும் ஹேபோ வானூர்தியில் இருநூறு பங்கு உண்டு. ஆனால் விலை கேட்டால் தெரியாது.

"கோழி அடைக்கிறவன் மாதிரி நிக்கிறான் பாரு," என்பார் சோல்மான். "எல்லாம் கூட்டுக்குள்ள வந்துருச்சான்னு பாத்துட்டுத்தான் சாருக்குச் சோறு இறங்கும்."

"இறங்கட்டும் அத்தான். சாப்பிடுவோம்."

"உன் சோறு ஆறிப்போச்சுடா."

"ஆறட்டும்."

மாடியில் நிரந்தர இடம் பிடித்திருந்த மற்ற இருவர், முடிதிருத்தகம் நடத்தும் போங்னே அக்காவும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் பியோனும். அக்காவுக்கு அறுபது வயது; கணவர் போன பிறகு காப்பீட்டுப் பணம் முழுவதையும் இந்தப் பங்கில் போட்டவர். வாத்தியார் எதையும் இரண்டு புள்ளி வரைக்கும் சொல்வார்.

அந்த வருடம் முழுக்கப் பேச்சு ஒரே ஒப்பந்தத்தைப் பற்றித்தான். தெற்கே ஒரு நாடு இருபத்து நாலு இலகு ரகத் தாக்குதல் விமானங்கள் கேட்டிருந்தது. கையெழுத்தாகும்வரை அதன் பெயரைச் சொன்னால் தட்டிப்போகும் என்று அக்கா தடை போட்டுவிட்டதால், குழுவில் எல்லோரும் அதைச் சம்பந்தி வீடு என்றே எழுதினார்கள். கையெழுத்து என்பது நிச்சயதார்த்தம். முன்பணம் பரிசம்.

"விமானத்துல என்ன லாபம் இருக்கு?" என்பார் வாத்தியார். "நாலு புள்ளி ரெண்டு அஞ்சு சதவீதம். உதிரி பாகத்துலதான் இருக்கு விஷயம். பொண்ணு முப்பது வருஷம் அந்த வீட்டுல தேயணும். தேயத் தேய நாம அனுப்பிக்கிட்டே இருக்கணும்."

"சும்மா பறந்தா முப்பது வருஷம்," என்றார் சோல்மான். "சண்டை வரட்டும். முப்பது வருஷத் தேய்மானம் மூணே மாசத்துல."

சம்பந்தி வீட்டிலிருந்து பயிற்சிக்கு வந்திருந்த விமானிகளை மாப்பிள்ளைகள் என்று அழைத்தார்கள். அவர்களில் எலியாஸ் என்பவன் வாரத்தில் மூன்று நாள் கடைக்கு வந்தான். இருபத்தாறு வயது, குள்ளம், காது இரண்டும் விமானத்தின் இறக்கை மாதிரி விரிந்திருக்கும். மாப்பிள்ளைக்குக் கடையில் காசு கிடையாது. விலாங்கின் வால் துண்டும் அவனுக்குத்தான். வால் ஆண்மைக்கு நல்லது என்று ஊரே அதற்கு அடித்துக்கொள்ளும். முப்பது வருட வாடிக்கையாளர்களின் தட்டிலிருந்துகூட சோல்மான் வாலை எடுத்து எலியாஸ் தட்டில் வைத்தார். அவன் எத்தனை துண்டு சாப்பிட்டான் என்பது அன்று மாலை குழுவில் செய்தியாக வரும். ஏழு துண்டுக்கு மேல் போனால் மறுநாள் காலை பங்கு இரண்டு சதவீதமாவது ஏறியது. ஒரு முறை வயிற்றுப்போக்கால் அவன் நான்கு நாள் வராதபோது எண்ணூறு எறும்புகள் விற்றுவிட்டு ஓடினார்கள்.

எலியாஸிடம் ஒரே ஒரு குறை. மீன் கொல்வதை அவனால் பார்க்க முடியாது. சோல்மான் குத்தூசியை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவான். கியோங்கும் கூடப் போய் நிற்பான். இருவருக்கும் பொது மொழி இல்லை. வேலிக்கு அப்பால் நிற்கும் விமானத்தைக் காட்டி எலியாஸ் ஏதோ சொல்வான், கியோங் தலையாட்டுவான். சில சமயம் கியோங் காற்றில் வார் மாட்டிவிடுவதுபோல் செய்து காட்ட, எலியாஸ் சிரிப்பான்.

"குண்டு போடப் போறவன், மீன் துள்ளுறதுக்கு பயப்படுறான் பாருங்க!" என்று சோல்மான் எல்லா மேசைக்கும் கேட்கும்படி சொல்வார். எலியாஸுக்குப் புரியாது. அவனும் சேர்ந்து சிரிப்பான்.

நிச்சயதார்த்தம் இலையுதிர் காலத்தில் முடிந்தது. பனிக்காலத்தில் முதல் எட்டு விமானங்கள் போயின, எலியாஸும் போனான். போகிற அன்று சோல்மானின் மேலங்கியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு ஒரு படம் எடுத்துக்கொண்டான். இதற்கிடையில் சோல்மான் மூன்று மாடிக் கடைக் கட்டடத்தை அடகு வைத்து, அந்தப் பணத்துக்கும் பங்கு வாங்கி, அந்தப் பங்கின்மேல் தரகு நிறுவனத்தில் கடன் வாங்கி, அதற்கும் பங்கு வாங்கியிருந்தார். விலை குறிப்பிட்ட கோட்டுக்குக் கீழே போனால் காலை ஒன்பது மணிக்குத் தரகு நிறுவனமே யாரையும் கேட்காமல் எல்லாவற்றையும் விற்றுவிடும். பிறகு கட்டடம் வங்கிக்கு. இது பில்னாமுக்குத் தெரியாது.

மார்ச் மாதம் சம்பந்தி வீட்டில் சண்டை மூண்டது. வடக்கு மலையில் இருந்த கலகக்காரர்கள் ஒரு காவல்நிலையத்தைக் கொளுத்தினார்கள். அரசு விமானங்களை அனுப்பியது. 'மார்ச்' என்று சோல்மான் ஜனவரியிலேயே குழுவில் எழுதியிருந்தார். பிப்ரவரி, ஏப்ரல், மே என்றும் எழுதியிருந்தார். அவை இப்போது யாருக்கும் நினைவில்லை.

தாக்குதலின் காணொளி ஒரு வியாழக்கிழமை மதியம் வந்தது. சோல்மான் அதைக் கடையின் பெரிய தொலைக்காட்சியில் போட்டார். கறுப்பு வெள்ளையில் ஒரு மலைச்சரிவு. தீப்பெட்டிகள்போலச் சில கட்டடங்கள். ஒரு கழுதையோ மாடோ ஏதோ ஒன்று கட்டப்பட்டிருந்தது. இரண்டு புள்ளிகள் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு ஓடின. பிறகு திரை வெளுத்தது. வெளுப்பு அடங்கியபோது தீப்பெட்டிகள் இல்லை, கழுதை இல்லை, புள்ளிகளில் ஒன்று மட்டும் சற்றுத் தள்ளிக் கிடந்து, மெதுவாக, தன் அச்சிலேயே சுழன்றுகொண்டிருந்தது. சத்தமே இல்லாத காணொளி. கடையில் அடுப்புகளின்மேல் கொழுப்பு வெடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"நேர்ல அடிச்ச மாதிரி இருக்கு," என்றார் வாத்தியார். "குறி தவறுனது ஒண்ணு புள்ளி அஞ்சு மீட்டர். பிரமாதம்."

"அது ஆளுங்களா?" என்று கேட்டார் போங்னே அக்கா.

"கிடங்கு," என்றார் சோல்மான்.

"ஓடுச்சேப்பா."

"கிடங்குல வேலை பாக்குறவங்க. அக்கா, இதுக்கு என்ன பேரு தெரியுமா? போர்ல நிரூபிக்கப்பட்டது. இந்த ஒரு முத்திரைக்காக வெள்ளைக்காரன் கம்பெனி இருபது வருஷம் காத்துக் கெடக்கும். நமக்கு நாலு மாசத்துல கெடச்சிருக்கு. இனி உலகமே வரிசையில நிக்கும்."

கியோங் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து இஞ்சியை நறுக்கிக்கொண்டிருந்தான். "எத்தனை போச்சு?" என்றான்.

"நாலு கட்டடம்."

"விமானம், அத்தான். எத்தனை போச்சு, எத்தனை வந்துச்சு?"

"கோழி அடைக்கிறவன் கேக்குறான் பாரு," என்றார் சோல்மான். கடையே சிரித்தது.

மறுநாள் பங்கு ஒரு நாளில் ஏறக்கூடிய உச்சவரம்பான முப்பது சதவீதத்தைத் தொட்டு அங்கேயே நின்றது. நம் ஊர்ப் பலகையில் ஏற்றத்துக்குச் சிவப்பு, இறக்கத்துக்கு நீலம். சோல்மானின் தொலைபேசி, கசாப்புக் கத்தியைத் துடைத்த துணிபோலச் சிவந்திருந்தது. அவர் ஏறிய விலையின்மேல் மறுபடியும் கடன் வாங்கிப் பங்கு சேர்த்துவிட்டு, திங்கட்கிழமை காலை மாடியில் பன்றித்தலைப் படையல் என்று அறிவித்தார். புதுக் கார் வாங்கினால், புது இயந்திரம் நிறுத்தினால் எல்லோரும் செய்வதுதான். இன்னொருவன் செய்யும் போருக்குச் செய்தது அநேகமாக இதுவே முதல் முறை.

சிரித்த முகமுள்ள பன்றித்தலையாகப் பார்த்துப் பொறுக்கி வாங்கியிருந்தார் அக்கா. மாடியில், ஓடுதளத்தைப் பார்த்து மர மேசை போட்டு, தலையை நடுவில் வைத்து, அரிசியில் வடித்த கள், ஆவி பறக்கும் மாவுப் பண்டம், நூல் சுற்றிய கருவாடு எல்லாம் பரப்பினார்கள். வாத்தியார் வேட்டைக்காரன் மாதிரிப் பன்றியின் வாயைத் திறந்து பிடிக்க, ஆளுக்கு ஐம்பதாயிரம் வொன் நோட்டைப் பற்களுக்கு இடையில் செருகினார்கள். ஓடுதளத்தில் ஒன்பதேகாலுக்கு இரண்டு விமானங்கள் ஏறின. சோல்மான் நோட்டில் இரண்டு என்று குறித்துவிட்டு, மண்டியிட்டு, நெற்றியை சிமெண்டில் வைத்தார். கியோங் சுவரோரம் நின்றான். இரண்டு விரல் மடங்கியிருந்தது.

மூன்றாவது கும்பிடில் நான்கு பேரின் தொலைபேசிகளும் ஒன்றாக அதிர்ந்தன.

வாத்தியார்தான் படித்தார். சம்பந்தி வீட்டில் நேற்று அதிகாலை ஒரு விமானம் திரும்பவில்லை. மலையில் சிதறிக் கிடப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். விமானி இறந்துவிட்டான். பெயரும் போட்டிருந்தது. படமும் போட்டிருந்தது. அந்தக் காதுகளை வேறு யாருடையவை என்று சொல்ல வழியில்லை.

போங்னே அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். பலகை நீலமாகத் தொடங்கியிருந்தது. நாலு சதவீதம். ஏழு. பதினொன்று.

"எப்படி விழுந்துச்சுன்னு போட்டிருக்கா?" என்றார் சோல்மான்.

"விசாரணை நடக்குதுன்னு." வாத்தியார் கண்ணாடியைத் துடைத்தார். "மூணு வாய்ப்பு இருக்கு. ஒண்ணு, கீழேருந்து சுட்டது. அது பரவாயில்ல, அஞ்சு சதவீதத்தோட போயிரும். ரெண்டாவது, விமானத்துல கோளாறு. அது வந்தா நாம செத்தோம். மூணாவது, ஓட்டுனவனோட தப்பு. அதான் நமக்கு நல்லது. விமானத்து மேல ஒரு சொல்லும் வராது."

"ஒண்ணு விழுந்தா ஒண்ணு வாங்கித்தானே ஆகணும்?" என்றார் அக்கா. சொன்ன பிறகு தான் சொன்னதைக் கேட்டவர்போல மறுபடியும் வாயைப் பொத்திக்கொண்டார்.

பதினாலு. இன்னும் இரண்டு சதவீதம் போய் அங்கேயே முடிந்தால் நாளைக் காலை ஒன்பதுக்குத் தரகு நிறுவனம் விற்றுவிடும். சோல்மான் தொலைபேசியை எடுத்தார். கட்டைவிரல் எழுத்துப் பலகைக்கு மேல் இரண்டு விநாடி நின்றது. அந்த இரண்டு விநாடியை அவருடைய கணக்கில் வரவு வைக்க வேண்டும். பிறகு எழுதினார்: 'இது விமானியின் தவறு. இறந்தவனை எனக்கு நேரில் தெரியும். என் கடையில் ஆறு மாதம் சாப்பிட்டவன். ஒரு மீன் துள்ளினாலே பயந்து வெளியே ஓடுகிறவன். பயந்தவன் கையில் எந்த விமானமும் நிற்காது. விற்காதீர்கள். குக் சோல்மான்.'

நாலாயிரத்து முந்நூறு எறும்புகள் அதைச் சுமந்துகொண்டு போனார்கள். இருபது நிமிடத்தில் அது எல்லாப் பங்குக் குழுக்களிலும் இருந்தது. அரை மணியில் ஒரு செய்தித்தளம் 'விமானியை நெருக்கமாக அறிந்த ஒருவர்' என்று போட்டது. பதினாலு ஒன்பதானது. ஒன்பது ஆறானது.

கியோங் தொலைபேசியில் எதையும் மெதுவாகத்தான் படிப்பான். படித்து முடித்து மேசைக்கு வந்தான்.

"அதை அழிங்க அத்தான்."

"சும்மா இருடா. உனக்கு ஒண்ணும் தெரியாது."

"அந்தப் பையன் பயந்து ஓடலை. பாவமா இருந்துச்சு, வெளிய வந்து நின்னான். அவ்வளவுதான். அழிங்க."

"செத்தவனுக்கு என்னடா போகுது? இருக்கிறவன் கட்டடம் போகுது!"

"எந்தக் கட்டடம்?" என்று கேட்டது மாடிப்படியில் தட்டோடு வந்து நின்ற பில்னாம். அதற்குள் கியோங் தொலைபேசியைப் பிடுங்கியிருந்தான்.

சோல்மான் அவன் கழுத்துச் சட்டையைப் பிடித்தார். கியோங் இடது கையால் ஒரு அறை விட்டான். இருபத்திரண்டு வருடம் ஏணி தூக்கிய கை. சோல்மான் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் வாய் மோத விழுந்து, இரண்டு முன்பற்களைத் துப்பிவிட்டு எழுந்தார். எழுந்தவர் கைக்கு அகப்பட்டதைத் தூக்கினார். அது பன்றித்தலை. இரண்டு காதையும் பிடித்து, தலைக்கு மேலே ஓங்கி, மைத்துனனின் முகத்தில் இறக்கினார். மூக்கோடு மூக்கு மோதியது. ஐம்பதாயிரம் வொன் நோட்டுகள் பறந்தன. வாத்தியார் அவற்றைப் பொறுக்க நான்கு காலில் இறங்கினார். போங்னே அக்கா நூல் சுற்றிய கருவாட்டை எடுத்து இருவர் முதுகிலும் மாறி மாறி அடித்தார். அந்தக் கருவாடு கட்டைக்குச் சமம். கியோங் மூக்கில் ரத்தத்தோடு பன்றித்தலையைத் தட்டிவிட, அது கைப்பிடிச் சுவரைத் தாண்டி, சிரித்த முகத்துடன் மூன்று மாடி இறங்கி, வாத்தியாரின் புதுக் காரின் கூரையில் உட்கார்ந்தது.

அத்தோடு நின்றிருந்தால் ஊர் பத்து வருடம் சொல்லிச் சிரித்திருக்கும்.

கியோங் மேசையில் இடது கையை ஊன்றிக்கொண்டு, வலது கையில் தொலைபேசியை வைத்து, அந்தப் பதிவைத் தேடினான். விரலில் ரத்தம் இருந்ததால் திரை அவனுக்குக் கீழ்ப்படியவில்லை. சோல்மான் பார்த்தது அந்த இடது கையைத்தான். மரப்பலகை, அதன்மேல் வெளிறிய, ஈரமான, அசைகிற ஒன்று. மேலங்கிப் பையிலிருந்து குத்தூசி எப்போது வந்தது என்று அவருக்குத் தெரியாது. இறக்கினார். கைப்பிடியில் ஒரு தட்டு. கை தன் வேலையைத் தன் வழக்கப்படி முடித்துவிட்டு நின்றது; முதலாளிக்கு அப்போதுதான் விவரம் தெரிந்தது.

கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே, சதை வழியாகப் போய், குத்தூசி மேசையில் நின்றிருந்தது. ஐந்து விரல்களும் கொஞ்சம் துள்ளின. பில்னாமின் தட்டு கீழே விழுந்து, விழுந்த இடத்திலேயே நெடுநேரம் சுழன்றது.

கியோங் கத்தவில்லை. கையையே பார்த்தான். பிறகு சோல்மானைப் பார்த்தான்.

"புடுங்குங்க அத்தான்," என்றான்.

சோல்மானால் முடியவில்லை. முப்பது வருடத்தில் குத்தூசியை அவர் எடுத்தது மீன் செத்த பிறகுதான். பில்னாம்தான் வந்து, ஒரு கையால் தம்பியின் மணிக்கட்டை அழுத்திப் பிடித்து, மறு கையால் இழுத்தாள். மேசைத் துணியைக் கிழித்துச் சுற்றினாள். "வா, ஆஸ்பத்திரிக்கு," என்று இழுத்தாள். அவன் நகரவில்லை. சுற்றிய துணி சிவப்பாகிக்கொண்டே வந்தது.

"ஒண்ணு இன்னும் இறங்கலைக்கா," என்றான்.

பன்னிரண்டு நிமிடம். பன்னிரண்டு புள்ளி ரெண்டு அஞ்சு என்று வாத்தியார் திருத்துவார். கடல் பக்கம் ஒரு புள்ளி தெரிந்து, சத்தமாகி, சக்கரம் தரையைத் தொட்டுப் புகை கிளப்பிய பிறகு, கியோங் வலது கையில் இரண்டாவது விரலை நிமிர்த்தினான். சோற்றுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பில்னாமோடு படியிறங்கினான்.

மருத்துவமனையில் கதவு இடுக்கில் நசுங்கியது என்று எழுதிக்கொடுத்தான். கதவில் நசுங்கிய கைக்கு இருபுறமும் ஒரே அளவில் ஓட்டை விழுவது எப்படி என்று மருத்துவர் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவன் மாடிக்கு வரவில்லை.

சோல்மான் பல் கட்ட, குழுவிலிருந்து தான் நீக்கிய அந்தப் பல் மருத்துவரிடமே போக வேண்டியிருந்தது. ஊரில் வேறு ஆள் இல்லை. மருத்துவர் இந்த முறை சிரிக்கவில்லை, ஊசியைத்தான் கொஞ்சம் மெதுவாகப் போட்டார். இடது கண்ணைச் சுற்றி நீலம் பரவியிருந்தது. "முகம் முழுக்க இறக்கமா இருக்கு," என்றாள் பில்னாம். தனியாகப் படுத்தாள், அடகுப் பத்திரத்தை எங்கிருந்தோ தேடியெடுத்துச் சாப்பாட்டு மேசையில், உப்புக் கிண்ணத்துக்குக் கீழே, எல்லா வேளையும் தெரிகிற மாதிரி வைத்திருந்தாள்.

பங்கு விழவில்லை, ஏறவும் இல்லை. கோட்டுக்குச் சற்று மேலே, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. சோல்மானின் அந்த நாலு வரிதான் அதைத் தாங்கி நிற்கிறது என்று குழுவில் எழுதினார்கள். கைதட்டும் பொம்மைகள் நூற்றுக்கணக்கில் வந்தன.

ஒன்பதாம் நாள் காலை எட்டு மணிக்கு ஒரு செய்தி வந்தது. பெயர் தெரியாத கணக்கு. மொழிபெயர்ப்புக் கருவி வழியாக வந்திருந்ததால் வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருந்தன.

'மதிப்பிற்குரிய குக் சோல்மான். நான் எலியாஸின் அக்கா. நீங்கள் எழுதியதை எங்கள் செய்தித்தாளும் போட்டது. விசாரணை அதிகாரி அதை எங்களுக்குப் படித்துக் காட்டினார். பயந்தவன் என்று முடிவானால் அவன் பெட்டிக்குக் கொடி இல்லை, அம்மாவுக்கு உதவித்தொகை இல்லை. மீனின் வாலை அவனுக்கே கொடுக்கும் ஒரு மனிதரைப் பற்றி எலியாஸ் எழுதுவான். அது நீங்கள்தானா? நீங்கள்தான் என்றால், அவன் எதற்குப் பயந்தான் என்று தயவுசெய்து சொல்லுங்கள். எங்களுக்கு அவன் அப்படி இல்லை.'

கூடவே ஒரு படம். சோல்மானின் மேலங்கியைப் போட்டுக்கொண்டு, பெயர்ப்பலகைக்குக் கீழே, காது இரண்டும் விரிய நின்றிருந்தான்.

அன்று எட்டரைக்கு சோல்மான் முதல் விலாங்கைப் பலகையில் கிடத்தினார். குத்தூசியை எடுத்தார். மீன் சுழன்றது. பிடித்துக்கொண்டே நின்றார். கொஞ்ச நேரம் கழித்து மீனை மறுபடியும் தொட்டியில் விட்டுவிட்டு, பில்னாமிடம், "இன்னிக்கு நீ பாத்துக்கோ," என்றார்.

"நானா? நாப்பது மீனையுமா?"

"ம்."

அவள் அவரை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மேலங்கியை மாட்டிக்கொண்டாள்.

மாடியில் போங்னே அக்காவும் வாத்தியாரும் இன்னும் வரவில்லை. சோல்மான் நாற்காலியில் உட்கார்ந்து தொலைபேசியைத் திறந்தார். அந்தப் பதிவை விரலால் அழுத்தினால் கீழே இரண்டு வார்த்தை வரும்: 'பகிர்', 'அழி'. அழித்தால் போதாது, அவன் பயந்தவன் இல்லை என்று தன் பெயரைப் போட்டு எழுதவும் வேண்டும். எழுதினால் விமானியின் தவறு இல்லை என்றாகும். இல்லை என்றானால் விமானத்தின்மேல் சந்தேகம் திரும்பும். அரை நாளில் பங்கு கோட்டுக்குக் கீழே போகும். மறுநாள் ஒன்பது மணிக்கு, இந்த மாடி, இந்த நாற்காலி, கீழே இருக்கும் தொட்டி, தொட்டியில் இருக்கும் மீன். அவர் நான்கு முறை எழுத ஆரம்பித்தார். நான்கு முறையும் 'எனக்கு நேரில் தெரியும்' என்ற இடத்தில் நின்றுவிட்டது.

ஒன்பதேகாலுக்கு இரண்டு விமானங்கள் ஏறின. ஒன்றன்பின் ஒன்றாக, வேலியை அதிரவைத்து, பெயர்ப்பலகையை ஆட்டிவிட்டு, கடல் பக்கமாகப் போய் மறைந்தன. நோட்டுப் புத்தகம் மடியில் மூடியே இருந்தது. பேனாவைத் தேடவில்லை.

"ரெண்டும் இறங்கட்டும்," என்றார் யாரிடமோ. "இறங்கட்டும். எழுதிர்றேன்."

பத்து மணிக்கு அக்கா கீழிருந்து கூப்பிட்டார். பத்தரைக்குப் பில்னாம் ஒரு தட்டில் சோறும், பொரித்த எலும்பும், ஒரு வால் துண்டும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அவளுடைய முழங்கை வரை மீன் ரத்தம். சோல்மான் தட்டைத் தொடவில்லை. ஆவி அடங்கி, கொழுப்பு வெள்ளையாக உறைந்தது.

பத்து நாற்பதுக்கு ஒன்று இறங்கியது. அவர் வலது கையில் ஒரு விரலை நிமிர்த்தினார். இடது கையில் தொலைபேசி, திரை அணைந்துவிடாமல் கட்டைவிரல் அதைத் தொட்டுக்கொண்டே இருந்தது.

கடல் பக்கம் மேகம் தாழ்ந்து வந்திருந்தது. ஓடுதளத்தின் கோடியில், யாரோ ஒரு தரைப்பணியாளன் ஏணியைப் பிடித்துக்கொண்டு, அதே திசையைப் பார்த்து நின்றிருந்தான்.